ஊஞ்சவலசு ரோட்டுக்குப் பங்கு போட்டது யார்?

சின்னாத்தாளிடம் போய் "இன்னிக்கு வெயில் சாஸ்தீங்க" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சட்டென்று வந்துவிடாது. வாசலுக்கு வந்து மேலே பார்ப்பாள். அப்புறம் சொன்னவனைப் பார்ப்பாள். வெயிலைப் பற்றி இவன் எதற்கு நம்மிடம் பேசுகிறான், ஒரு சொம்பு மோருக்கு அடிபோடுகிறானா என்று அந்தப் பார்வை கேட்கும். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைக்கக் கொடுத்தாலும் ஓட்டின் மேல் நகத்தால் கீறி அடையாளம் வைத்துத்தான் கொடுப்பாள். பூசாரி மூடியை மாற்றிவிட்டால் என்ன செய்வது? பூசாரிக்கு இதில் கோபம் உண்டு. ஆனால் அவர் ஒரு தரம் மாற்றித்தான் கொடுத்தார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகிற தார் ரோட்டில் இறங்கி, இட்டேரியில் ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற தூரம் நடந்தால் ஊஞ்சவலசு. இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி கட்டிய வண்டித்தடம். மழை பெய்தால் அது ஓடை. மழை இல்லாவிட்டால் முழங்கால் புழுதி.

பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவள் இல்லை அவள். எண்பத்து நாலில் புருஷன் வெள்ளியங்கிரி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்து ஒறம்பரைச் சொந்தங்களெல்லாம் கலைந்த பிறகு, வெள்ளாமை நடக்கிற காட்டுப் பக்கம் போனாள். புருஷனின் தம்பி அர்த்தநாரியின் காட்டுக்கும் இவள் காட்டுக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலியைப் புதிதாகக் கிளை வெட்டிப் போத்து நட்டுக் கட்டியிருந்தார்கள். எருமை புகுந்து முறித்துவிட்டது, அதனால் கட்டினோம் என்று அர்த்தநாரி சொன்னார். சரி, எருமை முறிக்கும். ஆனால் முறித்த வேலியை எருமை ஒரு முழம் தள்ளி நடுமா? சின்னாத்தாள் அங்கேயே நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து கொழுந்தனாரோடு பேச்சு இல்லை. ஒரே இட்டேரியில் எதிரெதிரே வந்தால் இவள் கிளுவையைப் பார்த்து நிற்பாள், அவர் செருப்பைப் பார்த்து நடப்பார். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு என்பார்கள். இவள் வெட்டவில்லை, ஆனால் பதம் பார்ப்பதை ஒரு நாளும் விட்டதில்லை.

அவளுக்கென்று இருந்தது ஒரு மகன், ஒரு கிணறு. மகன் லிங்கசாமி திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய், தொழில் பழகி, கொஞ்சம் தையல் மெசின்களைப் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற பவர்டேபிள் நடத்திக்கொண்டிருந்தான். கிணறு, அவளும் புருஷனும் சேர்ந்து வெட்டியது. அவன் பாறையை உடைக்க, இவள் தலையில் மண் சுமந்தாள். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போதும் அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கும். கற்கண்டுத் தண்ணீர். அவள் தென்னையும் அதைக் குடித்தது, மாடும் அதைக் குடித்தது. அந்தத் தண்ணீரைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் அவள் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி சண்டைக்கு வருவாள்.

ஒரு முறை வீரபாண்டிப் பக்கம் ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கை கழுவக் கிணற்றடிக்குப் போனால், வாளியில் வந்தது பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.

"இதென்னங்க, கெணத்துல எதையாச்சும் கொட்டீட்டாங்களா?"

"மேல சாயப்பட்டறை வந்திருச்சுங்க. அவனுங்க கழுவி உடறது இங்க வந்து ஊறுதுங்க" என்றாள் அந்த வீட்டுக்காரி. தலைவலிக்கு மாத்திரை இல்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சின்னாத்தாள் அங்கே பந்தியில் உட்காரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் வீடு வந்து சேர்ந்து, தன் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்று ஏழில் ஊஞ்சவலசுக்குத் தார் ரோடு வருகிறது என்று பேச்சு எழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் பொங்கியண்ணன் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். நல்ல மனுஷன்தான். ஆனால் மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார்.

"ஊர்க்காரங்க ஒரு பங்கு போட்டா மீதியச் சர்க்கார் போடுமுங்க. அதுதான் திட்டம். இட்டேரி அகலம் பத்தாது. ரெண்டு பக்கமும் காட்டுக்காரங்க கொஞ்சம் கொஞ்சம் மண்ணு உடோணும். நம்ம புள்ளைங்க கம்பெனி பஸ்ஸுக்கு இந்தப் புழுதியில நடந்து சாவுதுங்க. ரோடு வந்தா பஸ்ஸு கோயில் வாசலுக்கே வரும்."

பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஒரு பக்கம் நின்று கைதட்டினார்கள். அவர்கள் கால் வெடிப்பைப் பார்த்தவர்கள் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பங்கை எப்படி வசூல் செய்வது என்று ஒருவர் இழுத்தார். பொங்கியண்ணன் சிரித்தார்.

"அந்தக் கவலையே வேண்டாமுங்க. ஊர்ப் பங்கு மொத்தத்தையும் ஒருத்தரே கட்டறேன்னு சொல்லீட்டாரு. பேரு வேண்டாம்னுட்டாரு."

கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது. சின்னாத்தாள் எழுந்தாள்.

"ஏனுங் தலைவரே, நம்ம கோயிலுக்கு ஒரு டியூப்லைட்டு குடுத்தவன் உபயம்னு பேரெழுதி, அப்பன் பேரெழுதி, ஊர்ப் பேரும் எழுதி, வெளிச்சமே வெளிய வராமப் பண்ணி வெச்சிருக்கறான். ஒரு ரோட்டுக்கே காசு கட்டறவன் பேரு வேண்டாங்கறானா? சோழியன் குடுமி சும்மா ஆடுமுங்களா?"

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா!" என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பு.

"சிரிங்க, சிரிங்க. ரோடு வந்தா பஸ்ஸு மட்டுமா வரும்? லாரி வரும். லாரி வந்தா சாயப்பட்டறை வரும். அப்புறம் கெணத்துத் தண்ணியத் தொட்டு சீலைக்குச் சாயம் போட்டுக்குங்க."

சொல்லும்போது அவள் பார்வை கோயில் தூணில் சாய்ந்து நின்ற அர்த்தநாரியின் மேல் இருந்தது. அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி இருந்தது. புதிதாகக் கார் வாங்கியிருந்தார். பேர் சொல்லாமல் பணம் கட்டுகிற அளவுக்கு அந்த ஊரில் வேறு யாருக்குப் பணம் இருக்கிறது? அவர் காடு வேறு இட்டேரிக்கு ஒட்டினாற்போல் கிடக்கிறது. வேலியை ஒரு முழம் தள்ளியவன் ரோட்டைத் தன் காட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த மாட்டானா? அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பார்க்காததும் ஒரு சாட்சியாகிவிட்டது அவளுக்கு.

மண் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பொங்கியண்ணன் வந்து பேசினார். பெண்கள் வந்து பேசினார்கள். கடைசியில் லிங்கசாமி பேசினான்.

"அம்மா, ஊரே வேணுங்குது. நீங்க ஒருத்தங்க வேண்டாம்னா நாளைக்கு எனக்கு ஊருக்குள்ள மூஞ்சி இருக்குங்களா? சரி, நீங்க யாரையும் நம்ப வேண்டாம். மாரியாத்தாளை நம்புவீங்கல்ல? பூக் கேட்டுப் பாத்துரலாம்."

அந்தப் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டணத்திலும் சிவப்பை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னப் பெண் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சின்னாத்தாள் ஒத்துக்கொண்டாள். ஆனால் பூசாரி கொண்டுவந்த பூவை அவள் தொடவில்லை. தன் வீட்டு அரளியில் தானே பறித்தாள். தானே மடித்தாள். பொட்டணத்தைக் குலுக்கிப் போட்டதும் அவள்தான். குழந்தைகூட அர்த்தநாரிக்குச் சொந்தமில்லாத வீட்டுக் குழந்தையா என்று விசாரித்துவிட்டுத்தான் விட்டாள்.

வெள்ளை வந்தது.

அம்மன்மேல் சந்தேகப்பட அவளுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. மண்ணைக் கொடுத்துவிட்டாள்.

சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். கல் நட்டார்கள். கிளுவை வேலியை வெட்டி இரண்டு பக்கமும் குவித்தார்கள். செம்மண் கொட்டி, ஜல்லி கொட்டி, ரோடு ரோலர் உறுமிக்கொண்டு வந்தபோது அதற்கு ஒரு சேவல் அறுத்து ஊரே கும்பிட்டது. சின்னாத்தாள் மட்டும் ரோலரைப் பார்க்கவில்லை, ஜல்லி எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தாள். மாடு மேய்க்கிற சாக்கில் தினமும் அர்த்தநாரியின் காட்டு ஓரம் நடந்தாள். அவர் காட்டுக்கு யார் வருகிறார்கள், எந்தக் கார் நிற்கிறது, வெள்ளைச் சட்டைக்காரன் எவனாவது மண்ணைக் கையால் காட்டிப் பேசுகிறானா? ஒன்றும் அகப்படவில்லை. திருடன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். தன் மேல்காட்டுப் பக்கம் அவள் போகவே இல்லை. அங்கே என்ன இருக்கிறது? பாறை. ஆடுகூட மேயாது.

ஒரு காலை, வழிதவறிய எருமைக்கன்றைத் தேடி அந்தப் பக்கம் போனாள். மேல்காட்டுக் கடவில், அதாவது வேலியில் உள்ளே போய்வர விட்டிருக்கும் சந்தில், மேஸ்திரி கருப்புசாமியின் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ரோட்டோரப் பள்ளத்தில் ஆள் குனிந்து நுழையலாம் போல் பெரிய சிமென்ட் குழாயை இறக்கி மேலே காங்கிரீட் போட்டிருந்தார்கள். கடவின் வாய் இரண்டு வண்டி ஒன்றாக நுழைகிற அகலத்துக்கு வெட்டியிருந்தது.

"ஏனுங் மேஸ்திரி, எங்க எருமை போறதுக்கா இத்தாம் பெரிய பாலம்?"

கருப்புசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே சிரித்தார். "எருமைக்கு எதுக்குங் ஆத்தா? தண்ணி கொண்டுவர்ற டேங்கர் லாரி திரும்போணும்னா வாய் இத்தன அகலம் வேணுமுங்க. உங்க பையன்தானுங்களே பக்கத்துல நின்னு செய்யச் சொன்னாரு. பங்கு கட்டுன மொதலாளியும் கூட வந்து பாத்துட்டுப் போனாருங்க. சாயப்பட்டறை இங்கதானுங்களே வருது? உங்களுக்குத் தெரியாதுங்களா?"

சின்னாத்தாள் அப்படியே கிளுவைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். முள் குத்தியது. எழவில்லை.

இங்கே ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். புருஷன் செத்ததும் அவளுக்கு ஒரு பயம் வந்தது. தாலியறுத்தவள் பேரில் காடு இருந்தால் கொழுந்தன் ஏதாவது பத்திரம் கித்திரம் செய்து பிடுங்கிக்கொள்வான் என்று. லிங்கசாமிக்கு வயது வந்த உடனே தன் பங்கையும் சேர்த்து மொத்தக் காட்டையும் அவன் பேருக்கு எழுதிவைத்தாள். அதன் பிறகும் ஊருக்கு அது சின்னாத்தாள் காடுதான், எதுவானாலும் அவளைத்தான் கேட்டார்கள். அர்த்தநாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டோம் என்று அன்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். சாவி யார் கையில் என்று யோசிக்கவில்லை. விளக்குக்கு அடியில்தானே இருட்டு!

அன்று லிங்கசாமி திருப்பூரிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் அவள் வாசலில் நின்றாள்.

"கடவுல பாலம் கட்டறது யாரு?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "வித்துட மாட்டனுங்கம்மா. லீசுக்குத்தானுங்க. அந்தப் பாறைக் காட்டுல என்ன வெளையுது? அவருக்குக் குடுத்தா எனக்கு வருசம் பூரா ஆர்டர் தர்றேன்னு சொல்லியிருக்கறாரு. ரோடு இல்லாம வரமாட்டேன்னாரு. அதான் ஊர்ப் பங்கை அவரே கட்டிட்டாரு. ஊருக்கும் நல்லதுதானுங்களே?"

"கெணறு?"

"சுத்தம் பண்ணித்தான் உடுவாங்களாமுங்க."

"கேக்கறவ கேனச்சியா இருந்தா கேவுருல நெய் வடியுதும்பாங்க! எங்கிட்ட ஏன்டா சொல்லல? பெத்தவகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாக்கு? நீங்க எதைத்தானுங்கம்மா நம்புனீங்க இத்தனை வருசத்துல?"

அவள் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. யாரை அடிப்பது? ஊரில் உள்ள ஒவ்வொருவனையும் உரசிப் பார்த்தவள், இவனை ஒரு நாள் உரசியிருந்தால் போதும். ஆத்திரமும் வெட்கமும் சேர்ந்து வந்து அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

விடிந்ததும் அவள் செய்த காரியத்தைக் கேட்டால் ஊஞ்சவலசில் இன்றும் நம்பமாட்டார்கள். அர்த்தநாரியின் வீட்டுக்குப் போனாள். சாயப்பட்டறைக்குப் பஞ்சாயத்து அனுமதி தர வேண்டும். கீழே கிணறு வைத்திருப்பவர்கள் கிராம சபையில் எழுந்து கூடாது என்றால் தலைவர் தயங்குவார் என்று அவளுக்குத் தெரியும். மேல்காட்டிலிருந்து தண்ணீர் இறங்கினால் முதலில் இவள் கிணறு, அடுத்தது அர்த்தநாரி கிணறு. அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அர்த்தநாரி வெளியே வந்தார். பல வருஷம் கழித்து அவரோடு பேசுகிற முதல் பேச்சு.

"கொழுந்தனாரே, எங்க மேக்காட்டுல சாயப்பட்டறை வருதுங்க. என்ற பையன்தான் குடுத்திருக்கறான். எனக்குத் தெரியாதுங்க, சாமி சத்தியமாத் தெரியாதுங்க. நீங்க வந்து சபையில கூடாதுன்னு சொல்லோணும். ரெண்டு கெணறும் போயிருமுங்க."

அர்த்தநாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாதுங்க."

"ஊர்ல எந்தக் கோழி எந்தக் கொடாப்புல முட்டை வெச்சுதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறவங்க நீங்க. பெத்த பையன் செஞ்சது தெரியாதா? என்னை என்ன கேனையன்னு நெனச்சீங்களா, நங்கையா?" அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்பது அவர்கள் முறை. அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் முறை எதுவும் இல்லை. "நான் சபையில எந்திரிச்சு எதுக்கோணும். சாயப்பட்டறைக்காரன் பயந்துட்டு உங்களுக்கு இன்னும் ஏத்திக் குடுக்கோணும். அப்புறம் கெட்ட பேரு எனக்கு, லாபம் உங்களுக்கு. நல்லாப் போட்டீங்க கணக்கு! ஆத்தாளும் மகனுமாச் சேந்து ஆடற கூத்துக்கு நான் தாளம் போடமாட்டனுங்க. போய்ட்டு வாங்க."

வேலியை ஏனப்பா ஒரு முழம் தள்ளினாய் என்று கேட்டு ஒரு பாட்டம் திட்டியிருக்கலாம் அவள். திட்டவில்லை. அவர் கண்ணில் இருந்த சந்தேகம் அவளுக்குப் பழக்கமான சந்தேகம். அதோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

கிராம சபையில் தனியாகவே எழுந்து பேசினாள். பேசி முடிப்பதற்குள், "உங்க காட்டுல வர்றதுக்கு நீங்களே எதுக்கறீங்களா? வெலை பத்தலீங்களா ஆத்தா?" என்று ஒரு பெண் கேட்டாள். அப்போதுதான் கம்பெனி பஸ் கோயில் வாசலுக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் காலில் புதுச் செருப்பு. அர்த்தநாரி தூணில் சாய்ந்தபடியே இருந்தார். அனுமதி கிடைத்துவிட்டது.

பட்டறை வந்தது. டேங்கர்கள் வந்தன. பஸ்ஸுக்கும் வண்டிக்கும் என்று போட்ட மெல்லிய தார் ரோடு அந்தப் பாரத்தை எப்படித் தாங்கும்? முதல் ஐப்பசி மழையிலேயே ரோடு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மறு மழையில் கம்பெனி பஸ் டிரைவர் ஊருக்குள் வரமாட்டேன் என்றுவிட்டான். பெண்கள் மறுபடி மெயின் ரோடு வரை நடந்தார்கள். இந்த முறை புழுதியோடு ஜல்லியும் காலில் குத்தியது. பொங்கியண்ணன் யூனியன் ஆபீசுக்கு நடந்தார். ரோடு போடத்தான் திட்டம் இருக்கிறது, பராமரிக்க இந்த வருஷம் நிதி இல்லை என்றார்கள். பட்டறைக்காரரிடம் போனார். ஒரு தரம் ரோட்டுக்குக் கொடுத்தவனையே மறுபடியும் கேட்கலாமா என்று அவர் சிரித்தார். குழியில் செம்மண் கொட்டினார்கள். அடுத்த டேங்கர் அதை வாரிக்கொண்டு போனது.

சின்னாத்தாள் கிணற்றில் முதலில் நுரை வந்தது. அப்புறம் ஒரு வாடை. ஒரு நாள் எருமை தொட்டியில் வாயை வைத்து, எடுத்து, அவளைத் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து அவள் வீட்டுக்கும் தண்ணீர் டிராக்டரில் வந்தது. லிங்கசாமி வாங்கிப் போட்டான். அவள் அவனோடு பேசுவதில்லை, அவன் கொடுப்பதைக் குடித்தாள். வேறு என்ன செய்வது?

அடுத்து வந்த மாசி மாதத்தில் அர்த்தநாரி அவள் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடவில்லை, நேராக உள்ளே வந்து ஒரு பித்தளைச் சொம்பை அவள் முன்னால் வைத்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார். சொம்பில் இருந்த தண்ணீர் காவிக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஒரு நிறமாக இருந்தது.

"என்ற கெணத்துதுங்க. இன்னிக்குக் காலையில எறச்சது" என்றார். "கேஸ் போடலாமுங்க. நான் வக்கீல் பாக்கறேன். நீங்க வந்து சாட்சி சொல்லோணும்."

சின்னாத்தாள் சொம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பல வருஷப் பழக்கம், எங்கே போகும்?

"ஏனுங்க, இது நெசமாலுமே உங்க கெணத்துத் தண்ணிதானுங்களா?"

அர்த்தநாரிக்குக் கோபம் வரவில்லை. அவர் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நானும் அன்னிக்கு இப்படித்தானுங்க நங்கையா உங்களைக் கேட்டேன்."